அச்சாரத்துக்குப் பின் ஏறிய விலை

மேல்கரைத் தோட்டம்,
புக்கிட் பெலண்டோக்.
4.11.1951

திருமதி சைதூன் பீவி அவர்களுக்கு,

எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று தோட்டத்தில் பேசிக்கொள்வது உண்மையல்ல. உங்கள் வீட்டுக்கு நானாகவே விலையை உயர்த்தினேன் என்பது மட்டும் உண்மை. அதையும் நிதானமாகத்தான் செய்தேன். ஒருநாள் எழுதி வைத்து, மறுநாள் காலையில் படித்துப் பார்த்து, மனம் மாறவில்லை என்று கண்ட பிறகே முருகையா மண்டோரிடம் சொல்லி அனுப்பினேன்.

அவர் உங்களிடம் எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் பேசியது இது: "ஏம்மா, அச்சாரம் குடுத்த வீட்டுக்கு எவனாச்சும் வெலய ஏத்துவானா? எண்ணூத்தம்பதுக்கு முடிஞ்ச பேச்சுலா இது. அன்னைக்கு மாத்தின வெத்தலைகூட வாடிப் போயிருக்கும்." இதைத்தான் அவர் கள்ளுக்கடையிலும் சொல்லியிருக்க வேண்டும். மறுநாளே தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள்.

ஆகையால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். என் கணவர் காலமான பிறகு ஆபீஸ் எழுத்தருக்கென்று ஒதுக்கிய இந்தக் கிராணி வீட்டில் இருக்க எனக்கு டிசம்பர் 31 வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். அதன் பின் புதுக் கிராணி குடும்பத்தோடு வருகிறார். சிரம்பானில் என் தங்கை மகன் தங்கராஜு சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை ஒழித்துத் தருவதாகச் சொல்கிறான். நல்ல பையன். ஆனால் அந்த அறைக்குள் போகவேண்டுமானால் அவன் மனைவி சமைக்கும் இடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். யாரிடமும் அனுமதி கேட்காமல் கதவைத் திறந்து மூடக்கூடிய ஒரு வீடு எனக்கு வேண்டும்.

செப்டம்பரில் உங்கள் வீட்டைப் பார்த்தேன். சமையலறைச் சுவரில் இரண்டு பலகைகள் கரையான் பிடித்தவை. பின்கதவு தாழ் விழவில்லை. மற்றபடி செங்கல் தூண்களும் தகரக் கூரையும் கிணறும் நன்றாக உள்ளன. சந்தியில் இருக்கும் வீடுகளை அரசாங்கம் என்றைக்கு இடிக்குமோ என்ற பயத்தில் எல்லாரும் மலிவாக விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த நிலவரத்தில் எண்ணூற்றைம்பது வெள்ளி சரியான விலை. நீங்களும் ஒப்பி ஐம்பத்தொரு வெள்ளி அச்சாரம் வாங்கிக்கொண்டீர்கள்.

இப்போது அது சரியான விலை இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரம் வெள்ளி தருகிறேன். காரணத்தை என்னால் எழுத இயலாது. இது தருமம் அல்ல, கடனும் அல்ல. வீட்டின் மதிப்பு.

பத்திரத்தை இம்மாதமே எழுதிவிடலாம். காட்டிலிருக்கும் கலகக்காரர்களுக்கு அரிசி போனது என்ற கட்டுப்பாட்டு வழக்கில் உங்கள் கணவர் மதார் மைதீன் அவர்களை முகாமில் வைத்திருக்கும் இந்த நேரத்தில் உங்களுக்கும் பணம் பயன்படும்.

இப்படிக்கு,
வள்ளிநாயகி


786

கோலா பிலா
9.11.1951

கிராணியம்மா அவர்களுக்கு,

உம்மா சொல்லச் சொல்ல மகள் ரம்ஜான் பீவி எழுதுவது. சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டுமாம், அழகு படுத்தக் கூடாதாம். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

உங்க கடுதாசி வந்துச்சு. ரம்ஜான் மூணு தரம் படிச்சுக் காட்டினா. மூணு தரமும் ஆயிரத்துத் தொள்ளாயிரம்னுதான் இருந்துச்சு.

எனக்கு எளுதப் படிக்கத் தெரியாது. ஆனா இருவத்திரெண்டு வருசம் கடையில உக்காந்தவ நான். வெலய விக்கிறவ ஏத்துவா, வாங்குறவ எறக்குவா. வாங்குறவளே ஏத்தினா அது யாவாரம் இல்ல. ஒண்ணு தருமமா இருக்கணும், இல்லன்னா பாவத்தக் களுவுறதா இருக்கணும். தருமம் இல்லன்னு நீங்களே எளுதிட்டீங்க. அப்ப மிச்சம் இருக்கிறது என்னன்னு எனக்குத் தெரியும்.

இங்க மருமவன் வீட்டுக்கு வந்த பொறவு, போன மாசந்தான் தெரிஞ்சுது. மருமவன் ஜபருல்லா வக்கீல் குமாஸ்தாவப் புடிச்சுக் கேட்டுக்கிட்டு வந்தாரு. ரம்ஜான் வாப்பாவுக்கு எதிரா சாட்சி சொன்னது யாருன்னு. சாயங்காலம் ஆறு மணி, மாட்டுவண்டி, மூணு மூட்டை அரிசி, காட்டோரப் பாதை. வராண்டாவுல நின்னு பாத்தது பெரிய கிராணியார் சம்சாரம்.

பொய் சொன்னீங்கன்னு நான் சொல்லல. மூணு மூட்டைதான். நானே எண்ணி ஏத்தினேன். ஆனா அன்னைக்குக் காலையில உங்க சமையக்கட்டுல உக்காந்து அளுதேனே, அது எங்க போச்சு? காட்டுல இருந்து ரெண்டு பேரு வந்து, அவரு களுத்துல கத்திய வச்சு, அரிசி வரலன்னா கடையக் கொளுத்திருவோம்னு சொன்னானுவன்னு உங்ககிட்டதானே சொன்னேன். நீங்க சுக்குத்தண்ணி போட்டுக் குடுத்தீங்க. அந்த டம்ளரு சூடு இன்னும் என் கையில இருக்கு. அத ஏன் அங்க சொல்லல?

முன்னெல்லாம் என்ன நீன்னு கூப்பிடுவீங்க. இப்ப கடுதாசி முச்சூடும் நீங்க, நீங்க. அப்பவே எனக்கு விளங்கிருச்சு.

எண்ணூத்தம்பதே போதும். அச்சாரம் வாங்கின வாய் மாறாது. மேக்காசு வேணாம். அந்தக் காசுல அவரோட நாட்டுக்குக் கப்பலேறினா நடுக்கடல்ல எனக்குச் சோறு எறங்காது.

சைதூன் பீவி (கைநாட்டு)


மேல்கரைத் தோட்டம்
12.11.1951

திருமதி சைதூன் பீவி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் கலந்துள்ளன. அவற்றைப் பிரிக்க வேண்டும்.

விசாரணையில் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள். என்ன பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு, எத்தனை மூட்டைகள். மூன்றுக்கும் உண்மையான விடை சொன்னேன். கண்ணால் கண்டதைக் கேட்டார்கள். காதால் கேட்டதைக் கேட்கவில்லை. மலாக்காவில் கன்னியர் மடத்துப் பள்ளியில் எட்டு வருடம் படித்தேன். கேட்ட கேள்விக்கு விடை சொல், கேளாததற்கு வாய் திறவாதே என்று அங்கே கற்றுக் கொடுத்தார்கள். இந்த வயதுவரை அப்படித்தான் இருந்திருக்கிறேன். என் கணவர் பெரிய கிராணியாக இருந்த முப்பது வருடங்களில் ஆபீஸ் சங்கதி ஒன்றுகூட என் வாயிலிருந்து வெளியே போனதில்லை.

ஆகையால் பாவத்தைக் கழுவப் பணம் கொடுக்கிறேன் என்ற பழியை நான் ஏற்கவில்லை.

விலை வேறு விஷயம். அதன் காரணத்தைச் சொல்வதில்லை என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். டிசம்பர் முதல் தேதிக்குப் பிறகு நீங்களே அறிந்துகொள்வீர்கள். ஆனால் அதற்கு முன்பாகவே பத்திரம் முடிந்துவிடுவது நல்லது. முருகையாவிடம் முத்திரைத் தாள் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.

"நீங்கள்" என்று எழுதியது விலை பேசும் கடிதம் என்பதால். வேறு எண்ணம் இல்லை.

வள்ளிநாயகி


786

கோலா பிலா
17.11.1951

கிராணியம்மாவுக்கு,

உம்மா சொல்வது. எழுதுவது ரம்ஜான்.

முருகையா அண்ணன் நேத்து வந்துச்சு. பட்டாளக் கான்வாய்க்குக் காத்துக் கெடந்து, ரோட்டுல மூணு எடத்துல எறக்கிச் சோதனை போட்டு, பொளுது சாயுற நேரத்துக்குத்தான் வந்து சேந்துச்சு. முத்திரைத் தாளச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு, "பீவி, கையெளுத்துப் போடுலா. கிராணியம்மா ஆயிரத்துத் தொள்ளாயிரம் தரேங்குது. நானா இருந்தா கால் கை வெரலையெல்லாம் மையில உருட்டி வச்சிருவேன்"னு சிரிக்குது. எனக்குச் சிரிப்பு வரல.

டிசம்பர்ல எனக்குத் தெரியும்னு எளுதியிருக்கீங்க. அப்படின்னா இப்பவே உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி பத்திரம் முடிஞ்சா நல்லதுங்கிறீங்க. யாருக்கு நல்லது?

அன்னைக்கும் உங்களுக்குத் தெரிஞ்சது சபையில தெரியல. இன்னைக்கும் உங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. நீங்க பொய்யே சொல்றதில்ல கிராணியம்மா. அது நெசந்தான். தெரிஞ்சதக் கைக்குள்ள மூடி வச்சுக்கிட்டு, யாருக்கு எவ்வளவுன்னு நீங்களே அளந்து குடுக்கிறீங்க. நான் கடைக்காரி. தராசு என் கையில இருந்தாலும் முள்ள வாங்குறவ பக்கந்தான் திருப்பி வப்பேன்.

(இந்த இடத்தில் உம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார்கள். நான் வெளியே போய்த் துணி எடுத்துவிட்டு வந்தேன். — ரம்ஜான்)

ரம்ஜான் வாப்பாவ சனவரி பத்தாம் தேதிக் கப்பல்ல ஏத்தி நாட்டுக்கு அனுப்பப் போறாங்களாம். இங்கயே பொறந்த புள்ளைகளுக்கு நாகூரு எந்தத் திசையில இருக்குன்னுகூடத் தெரியாது. அவரு பதினாறு வயசுல வந்தவரு. அங்க அவருக்குன்னு இப்ப யாரு இருக்கா? மறுவிசாரணைக்கு மனுப் போடலாம், ஆனா புதுசா ஒரு சாட்சி வேணும்னு வக்கீல் சொல்றாரு. கத்தி வச்சத யாரு பாத்தா? நானும் அவரும்தான். பொண்டாட்டி சொல்லு எடுபடாதாம்.

இப்ப என் வெலயச் சொல்றேன். எண்ணூத்தம்பது. அதோட, அன்னைக்குக் காலையில நான் உங்க வீட்டுல வந்து என்ன சொன்னேனோ அத இங்கிலீசுல எளுதி, உங்க கையெளுத்துப் போட்டுக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம். குடுத்தா அன்னைக்கே பத்திரத்துல கைநாட்டு வக்கிறேன். அந்த வீட்டுல நீங்க நல்லா இருங்க.

சைதூன் பீவி (கைநாட்டு)

பின்குறிப்பு: கிராணியம்மா, இது நானாக எழுதுவது. உம்மாவுக்குத் தெரியாது. முகாமில் வாப்பாவைப் பார்த்துவிட்டு வந்தோம். உங்களைப் பற்றி உம்மா சொன்னதற்கு வாப்பா, "அந்தம்மா கடனுக்கு ஒரு நாளும் சாமான் வாங்கினதில்ல" என்று மட்டும் சொன்னார்கள். — ரம்ஜான்


மேல்கரைத் தோட்டம்
20.11.1951

சைதூனுக்கு,

உன் கடிதத்தை முருகையா ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுத்தார். அன்றும் மறுநாளும் பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். கோபம் இருந்தது. கோபம் தணிந்த பிறகு உன் கடிதத்தில் பிழை தேடினேன். கிடைக்கவில்லை.

முதலில் நீ கேட்டதை முடித்துவிட்டேன். இன்று காலை பதிவுத் தபாலில் மறுவிசாரணைக் குழுவுக்கு ஆங்கிலத்தில் வாக்குமூலம் அனுப்பினேன். அதன் நகல் இத்துடன் உள்ளது. ஜபருல்லாவை விட்டு வக்கீலிடம் காட்டச் சொல். நான் எழுதியதைத் தமிழில் கீழே தருகிறேன், நீ கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக:

"ஜூலை மாதம் 9ஆம் தேதி காலை ஏழரை மணிக்கு சைதூன் பீவி என் சமையலறைக்கு வந்தார். முந்தின இரவு இரண்டு பேர் தன் கணவரின் கழுத்தில் கத்தி வைத்து மிரட்டி அரிசி கேட்டதாகச் சொல்லி அழுதார். நான் சுக்குத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். அவர் சொன்னதை நம்பினேன். அன்று மாலையில்தான் மூட்டைகள் போவதைக் கண்டேன். முந்தைய விசாரணையில் இதை நான் சொல்லவில்லை. என்னைக் கேட்கவில்லை என்பதே காரணம். அது போதிய காரணம் அன்று."

கடைசி வாக்கியத்தை எழுதத்தான் இரண்டு நாட்கள் ஆயின.

இதை வீட்டு விலையில் சேர்க்காதே. செப்டம்பரில் உன் வீட்டைப் பார்த்தபோதே, நீ கேட்காமலேயே, எழுதியிருக்க வேண்டியது இது. இதற்கு ஆயிரம் வெள்ளி தள்ளுபடி கொடுப்பதாக இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

இனி விலை.

அக்டோபர் கடைசியில் தோட்டத்துத் துரை என்னை பங்களாவுக்கு அழைத்தார். தொழிலாளர்களுக்கு ஓர் அறிவிப்பைத் தமிழில் எழுத வேண்டும், புதுக் கிராணிக்குத் தமிழ் எழுத வராது என்றார். மேசைமேல் வரைபடம் விரித்திருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களையும் சந்தி வீடுகளையும் ஒன்று சேர்த்து முள்கம்பி வேலி போடப்போகிறார்கள். டிசம்பர் முதல் தேதி அறிவிப்பு ஒட்டப்படும். ஓடைக்கு அந்தப் பக்கம் உள்ள வீடுகளை எல்லாம் இடித்துவிடுவார்கள். உன் வீடு இந்தப் பக்கம். வேலிக்குள் இருக்கிறது. உள்ளே இருப்பது மட்டுமல்ல, வேலியின் வாசல் உன் வீட்டிலிருந்து இருபது கஜ தூரத்தில். நூற்றுநாற்பது குடும்பங்களும் காலையிலும் மாலையிலும் சோதனைக்காக அங்கேதான் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே கடை வைக்க ஓர் உரிமம் கொடுப்பார்கள். வெளியிடும்வரை யாரிடமும் சொல்வதில்லை என்று துரையிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் பேனாவைக் கையில் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எண்ணூற்றைம்பதை நினைத்து எனக்குக் கூச்சமாக இருந்தது. அச்சாரம் கைமாறிவிட்டது, பேச்சு முடிந்துவிட்டது, ஊர் வழக்கப்படி எனக்கு அந்த விலைக்கே உரிமை உண்டு. ஆனால் உனக்குத் தெரியாததை வைத்து உன்னிடம் வாங்க எனக்கு மனம் வரவில்லை. வாக்கையும் மீறக்கூடாது, உன்னையும் ஏமாற்றக்கூடாது. காரணம் சொல்லாமல் விலையை மட்டும் உயர்த்தினால் இரண்டும் நிறைவேறும் என்று நினைத்தேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

நீ யாருக்கு நல்லது என்று கேட்டாய். சொல்கிறேன். வேறொரு தோட்டத்தில் இதே மாதிரி வேலிவாசலில் இருந்த பலகை வீடு இரண்டாயிரத்து முந்நூறுக்குப் போனதாகத் துரை அன்றைக்கே சொன்னார். ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று நான் உனக்கு எழுதியபோது இரண்டாயிரத்து முந்நூறு எனக்குத் தெரியும். அந்த நானூற்றை நான் பிடித்துக்கொண்டேன். வயதானவள், தனியாக இருப்பவள், எனக்கும் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நவம்பருக்குள் பத்திரம் முடிய வேண்டும் என்று அவசரப்பட்டதும் அதனால்தான். அறிவிப்பு ஒட்டிய மறுநாளே லுக்குட் சீன முதலாளிகள், அந்தத் தவுக்கேக்கள், லாரி பிடித்து உன்னைத் தேடி வருவார்கள். அவர்களோடு என்னால் போட்டி போட முடியாது.

ஆகையால் உன்னிடம் இனி நான் விலை கூறப்போவதில்லை. என்னிடம் இருப்பதைச் சொல்கிறேன். என் கணவரின் சேமிப்பும் தோட்டம் கொடுத்ததும் சேர்த்து இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது வெள்ளி. இதை என் தங்கை மகனிடம்கூடச் சொன்னதில்லை. என் ஈமச் செலவுக்கும் ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் போக இரண்டாயிரத்து நூறுவரை என்னால் கொடுக்க முடியும். அதற்கு மேல் நீ வேறு இடத்தில் வாங்கினால் எனக்கு வருத்தம் உண்டாகும், ஆனால் உன்மேல் குறை இராது. செப்டம்பர் அச்சாரம் இனி உன்னைக் கட்டாது. முருகையா முத்திரைத் தாளோடு மறுபடியும் வந்தால் திருப்பி அனுப்பு.

குழு என் வாக்குமூலத்தை ஏற்றுக்கொண்டு மதார் மைதீனை விட்டுவிட்டால் நீ வீட்டை விற்கவே வேண்டாம். வேலிவாசலில் அந்தக் கடையை அவர்தான் நடத்த வேண்டும். அப்போது ஐம்பத்தொரு வெள்ளியை மட்டும் திருப்பிக் கொடு. நான் சிரம்பானுக்குப் போவேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு நேராக பங்களாவுக்குப் போய், வாக்கை மீறிவிட்டேன் என்று துரையிடம் சொல்லப்போகிறேன். அவர் கோபப்படுவார். வேலி வரும் இடத்தை வெளியே சொல்வது எந்தச் சட்டத்தில் வரும் என்று எனக்குத் தெரியும். அந்த அறிவிப்பைத் தமிழில் எழுதியவளே நான்தான். டிசம்பர் 31 வரை இருந்த தவணை நாளையே முடிந்தாலும் முடியலாம். கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்வி. பார்க்கட்டும். அதனால்தான் முழுப் பெயரையும் கீழே போட்டிருக்கிறேன்.

வீடு உன்னுடையது. அதன் விலையை நீ சொல், அல்லது விற்கவில்லை என்று சொல். எதுவானாலும் முருகையாவிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பாதே. ரம்ஜானை எழுதச் சொல்லி, கைநாட்டு வைத்து, தபாலில் அனுப்பு. கிராணி வீட்டு விலாசத்துக்கு வேண்டாம். புக்கிட் பெலண்டோக் தபாலாபீசுக்கு என் பெயருக்கு அனுப்பு. நான் போய் வாங்கிக்கொள்கிறேன்.

வள்ளிநாயகி கணேசமூர்த்தி